ஒரே அமுக்கு

முதல் குத்திலேயே லோஜனின் மூக்கு உடைந்தது. அடுத்த குத்தில் உட்கார்ந்திருந்த கதிரையோடு விழுந்தான். கஜரூபன் மேலே ஏறி உட்கார்ந்து அவன் கழுத்தை நெரித்தான்.

"என்னைக் கேக்காமல் ஏனடா அதில கை வைச்சனீ?"

லோஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழும் டேனிஷும் ஒரே பக்கத்தில் எழுத நல்ல மென்பொருள் பார்த்துத் தரச்சொல்லி, தன் ஆய்வேட்டை டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இருக்கும் லோஜனிடம் கொண்டுவந்து கொடுத்தவனே கஜரூபன்தான். நாலைந்தைப் போட்டுப் பார்த்து, எழுத்துச் சிதையாத ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தான் லோஜன்.

"எழுத்து ஒண்டும் உடையேல்லையே அண்ணை," என்றான் மூச்சுத் திணற.

"'சொல்கிறார்' எல்லாம் ஏன் 'சொன்னார்' எண்டு கிடக்கு?"

"போன வருஷம் போனில எடுத்த பேட்டியள்தானே. இறந்தகாலம்தான் சரியெண்டு ஒரே அமுக்கில மாத்தி விட்டனான்."

கஜரூபன் மறுபடி கையை ஓங்கினான்.

"அதில கதைக்கிற சனம் முழுக்க முள்ளிவாய்க்கால்ல நிக்குது. சண்டை முடிஞ்சுதாம். ஒருத்தரும் இன்னும் போன் எடுக்கேல்லை. அதில ஒராள் என்ரை அம்மா. அவவை இறந்தகாலத்தில போட நீ ஆரடா?"