கோதண்டத்தின் ஆட்டம்

"நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போவ வேணாம். இப்பவே லெட்டர் எழுது!"

கோதண்டம் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

மகள் தென்றல் ஒன்றும் கொலை பண்ணிவிடவில்லை. ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நேற்று ஆயுதபூஜைக் கொண்டாட்டம். அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்களெல்லாம் மேடையேறி ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடினார்கள். எவனோ அதை போனில் பிடித்து அனுப்ப, விடிவதற்குள் மணிமங்கலம் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துவிட்டது.

"இன்னா ஆட்டம்டி அது? இடுப்ப வெட்டற, கண்ணடிக்கிற. ஊருல இருக்கிற ஆம்பளைங்கல்லாம் பாக்கறானுங்க!"

"வேலைய மட்டும் வுடச் சொல்லாதப்பா. அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான காத்துக்கினு கீறேன்?" கெஞ்சினாள் தென்றல்.

அம்மா சின்னப்பொண்ணு ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புருஷோத்தமன் வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருபத்தைந்து வருஷமாகக் கோதண்டத்தோடு வேலை பார்ப்பவர்.

"ஆயுதபூஜைன்னாவே உன் ஞாபகந்தாம்பா," என்று உட்கார்ந்தார். "இப்பல்லாம் இன்னா பண்றானுங்க? ஸ்வீட் பாக்ஸ கையில குடுத்து அனுப்பிடறானுங்க. நம்ம காலத்துல..."

அவ்வளவுதான், கோதண்டத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை.

அது ஒரு காலம்! கம்பெனி ஆரம்பித்த புதுசு. மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கைக்கு வருவதற்குள் "கோதண்டம்! கோதண்டம்!" என்று கூச்சல் கிளம்பிவிடும். பொம்பளை வேஷத்தில் வருவார் கோதண்டம். தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டின புடவை, உதட்டுச் சாயம், முழங்கை நீளத்துக்கு மல்லிகைப்பூ. இடுப்பை வெட்டி வெட்டி நடந்துபோய், மேனேஜர் மடியிலேயே உட்கார்ந்து கண்ணடித்தால் விசில் சத்தம் காதைப் பிளக்கும். குடும்பத்தோடு வந்தவர்கள்கூட வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பத்து வருஷம் விடாமல் ஆடினார். இன்றைக்கும் பழைய ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு அதுதான். நினைத்தாலே அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

"அதெல்லாம் கலைப்பா," என்று பெருமூச்சு விட்டார். "இதுங்க ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"சொன்னா கோச்சிக்காத," என்று போனை எடுத்துக் காட்டினார் புருஷோத்தமன். "நானும் பாத்தேன். கடைசில இடுப்ப ஒரு வெட்டு வெட்டிட்டு, திரும்பி ஒரு பார்வ பாக்குது பாரு, அது அப்படியே நீதாம்பா! அப்பன் ஆட்டம் ரத்தத்துல வந்துகீது!"

கோதண்டத்துக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

"ஆம்பள ஆடறதும் பொம்பள ஆடறதும் ஒண்ணா?" என்று முணுமுணுத்தார்.

சின்னப்பொண்ணு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவுரு ஆட்டமா? நல்லா சொன்னீங்கண்ணா! அந்த ஒரு வெட்ட இவருக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள என் இடுப்பே ஒடிஞ்சி போச்சி. வருஷா வருஷம் பத்து நாளு வூட்டுக்குள்ளயே ஆடிக் காட்டுவேன். அப்புறம் நீங்கல்லாம் இவருக்கு விசிலடிக்கறப்ப, நானும் பொம்பளைங்க வரிசைல உக்காந்து கைதட்டுவேன். இவளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"சின்னப்பொண்ணு..."

"நீ சும்மா இருய்யா."

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் தானடி? போய் யூனிபார்ம எடுத்து வை. இந்த வூட்ல கதவ சாத்திக்கினு ஆட நான் ஒருத்தி போதும்."