உட்கார ஓர் இடம்

சுரங்கத்துப் பிளவில் ஒரு மஞ்சள் செம்புக்கல் இருந்தது. கசிந்து வந்த தண்ணீர் அதிலிருந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போனது. மிஞ்சிய செம்பும் கந்தகமும் சேர்ந்து, கல்லின்மேல் கருநீலத் தோலாகக் கோவெல்லைட் என்னும் கனிமம் பிறந்தது. நகம் பட்டாலே கீறல் விழும் மெல்லிய உடம்பு.

தண்ணீர் தொடும்போதெல்லாம் அதன் நீலம் ஊதாவாக மாறும்.

"என்ன, வெட்கமா?" என்று தண்ணீர் கேட்டது.

"வெட்கமில்லை, என்னைப் பிறக்க வைத்ததற்கு நன்றி அக்கா. எனக்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்? கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போயேன்."

"எனக்கு உட்கார இடம் ஏது? ஓடுவதுதான் என் பிழைப்பு." தண்ணீர் இறங்கிப் போய்விட்டது.

ஒருநாள் கல்லை அந்த நீலத் தோலோடு வெட்டியெடுத்து உலையில் உருக்கினார்கள். கந்தகம் புகையாகப் போக, செம்பு மட்டும் நின்றது. அதைத் தட்டி, கழுத்தும் வயிறுமாக ஒரு செம்பு செய்தார்கள்.

யாரோ அதில் தண்ணீர் மொண்டு வைத்தார்கள்.

"வா அக்கா," என்றது செம்பு. "இப்போ உட்காரு."