நான்கு துளைகள்

இரண்டாவது அடியில் அனுவாரின் பல் ஒன்று கழன்று விசைப்பலகையின் மேல் விழுந்தது.

"எழுந்திருக்காதடா. நீ வரைஞ்சதத் திறந்து காட்டு," என்றார் ஜக்ஸிபெக்.

அவர் கையில் இரும்புக் குழாய். மூத்த மகன் எல்தோஸைப் புதைத்த மண் இன்னும் அமரக்கூட இல்லை.

இளையவன் மாதி, வந்ததும் வராததுமாகக் கதவைத் தாழிட்டிருந்தான். முதல் அடி அவனுடையது. அடித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

கரகண்டா நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வின்ச், அதாவது கம்பியால் பாரம் இழுக்கும் இயந்திரம், செய்து கொடுக்கும் பட்டறை அது. அனுவார் அங்கே கணினியில் படம் வரைகிறவன். எல்தோஸுக்கும் மாதிக்கும் அங்கேதான் வேலை. புது வின்ச் ஒன்றை எல்தோஸ் ஓட்டிப் பார்த்தபோது, கம்பி சுற்றும் உருளை சட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அவன் நெஞ்சில் ஏறியது. உருளையைப் பிடித்து நிறுத்த வேண்டிய நான்கு எஃகு முளைகள் அதில் இல்லை. முளை அடிப்பதற்குத் துளையே இல்லை.

படத்திலேயே துளை இல்லை என்று அப்பாவிடம் சொன்னவன் மாதி.

கோப்பு திறந்தது. வழக்கம்போல முதல் நிலையில்தான் திறந்தது: மெஷினிங்குக்கு, அதாவது துளை போடும் வேலைக்கு, முன். வெல்டிங் முடிந்த சட்டம், சாம்பல் நிறத்தில், வழவழவென்று, ஒரு துளைகூட இல்லாமல்.

ஜக்ஸிபெக் திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் கிடந்தவர். கணினி தெரியாது, ஓட்டை தெரியும்.

"எங்கடா ஓட்டை? என் புள்ளைய நீ இங்க உக்காந்துக்கிட்டே கொன்னுட்டியேடா."

குழாய் இறங்கியது. அனுவாரின் இடது கை விரல்கள் மேசையோடு சேர்ந்து நசுங்கின.

வலது கை மௌஸின் மேலேயே இருந்தது. ஒரு தட்டுப் போதும். 'மெஷினிங்குக்குப் பிறகு' என்ற இடத்தில் தட்டினால் அதே சட்டத்தில் நான்கு துளைகளும் வந்து நிற்கும். முன்கூட்டியே போட்டுவைத்தால் வெல்டிங் சூட்டில் இடம் மாறிவிடும் என்பதால், சட்டத்தை வெல்டிங் செய்து முடித்த பிறகு போட வேண்டிய துளைகள்.

போட வேண்டியவன் மாதி. டிரில் மெஷினில் நிற்பவன் அவன்தான்.

சொல்ல வாயெடுத்த அனுவார் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். மாதியின் உதடு வெளுத்திருந்தது. கிழவருக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு மகன். குழாய் அடுத்து எந்தத் தலையில் இறங்கும் என்று அனுவாருக்குத் தெரிந்தது. இறங்க ஆரம்பித்தால் பாதியில் நிற்காது என்பதும் தெரிந்தது.

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினான். ஆமாம், படத்தில் துளை வரைய விட்டுப்போய்விட்டது, தன் தவறுதான் என்றான்.

ஜக்ஸிபெக் இரண்டு கையாலும் குழாயை ஓங்கினார்.

மாதி பாய்ந்து வந்தான். அவனும் அடிக்கத்தான் வருகிறான் என்று அனுவார் கண்ணை மூடிக்கொண்டான். மாதியோ மௌஸைப் பிடுங்கித் தானே தட்டினான்.

திரையில் துளைகள் திறந்தன. நான்கு.

"அவன் வரைஞ்சிருக்கான்பா. போடாதவன் நான்."

குழாய் அந்தரத்தில் நின்றது.

முதல் துளைக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது என்றான் மாதி. உள்ளே தூசி விழாமலிருக்க, துளை வரும் இடத்தை மறைக்கும் மூடித் தகட்டைப் போட்டுவிட்டு ஓடினானாம், காலையில் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று. காலையில் அண்ணன் முந்திக்கொண்டான். மூடி போட்டிருப்பதைப் பார்த்து, தம்பி வேலையை முடித்துவிட்டான் என்று நம்பி வின்சை ஓட்டிவிட்டான்.

"வேலைய அப்படியே போட்டுட்டு ஓடுறதுக்கு, எவன்டா உன்னைக் கூப்பிட்டான்?"

மாதி அடிக்கு வாகாகத் தலையைக் குனிந்து நின்றான்.

கிழவரின் கை தானாக இறங்கியது. போன் வந்த அன்று வீட்டில் குளிர்கால இறைச்சிக்காகக் குதிரை அறுத்தார்கள். முரட்டுக் குதிரை, காலைப் பிடிக்க ஆள் போதவில்லை. எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு உடனே வா என்று போனில் கத்தியவர் அவர்தான்.

எல்தோஸின் துக்க விருந்தில் பரிமாறியதும் அந்தக் குதிரைக் கறியைத்தான். ஒரு துண்டை எடுத்து மாதியின் வாயில் அவர் தன் கையாலேயே ஊட்டினார். அதை விழுங்காமல் அவன் ஏன் வெளியே ஓடினான் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை.