ஏழாம் அறை மணி

"மணி அடிக்கவே இல்லைங்க!"

"அடிக்காம எப்படி? செத்துப்போனவர் கையில பட்டன் இருந்திருக்கு, அமுக்கின விரல் அப்படியே..."

"இருந்துச்சு. நான்தான் அந்த விரலைப் பிரிச்சு எடுத்தேன். ஆனா மணி அடிக்கலை!"

நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றிருந்தாள் அவன் மனைவி. ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அது தொங்கிய இடத்தில் ஊக்கு மட்டும் இருந்தது.

"அந்த நேரத்துல நீ போன்ல இருந்திருக்கே. பதினோரு நிமிஷம். புகார்லயே எழுதியிருக்காங்க."

"யார்கூடன்னு எழுதலையா? உங்ககூடத்தான்! சும்மா கிடந்த பதினெட்டு நெட்வொர்க் லைனைப் போன வாரம் துண்டிச்சதுக்குப் பாராட்டி லெட்டர் வந்திருக்குன்னு வரி விடாம வாசிச்சுக் காட்டினீங்களே!"

அந்தக் கடிதம் சாப்பாட்டு மேஜைமேல்தான் கிடந்தது. அதே ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுவதும் அவன் பொறுப்பு.

அவள் குரல் இறங்கியது. "மூணு நாளா மயக்கத்துல இருந்தவரு. முழிச்சதும் மூச்சு முட்டி அமுக்கியிருக்காரு. அவரு பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா 'கொலைகாரி'ன்னு கத்துது. நாளைக்குப் போலீஸ் வருதாம்."

"நான் என்ன பண்ண முடியும்?"

"எந்த ரூம்லேர்ந்து எது போனாலும் என் மானிட்டருக்குத் தப்பாதுன்னு பீத்திக்குவீங்களே. ஏழாம் ரூம் மணியைப் பாருங்க. என்னை நம்ப வேண்டாம், அதையாவது நம்புங்க."

அவன் சலிப்போடு லேப்டாப்பைத் திறந்து தேடினான். "ஒண்ணும் இல்லை. ஆனா இதை வச்சு மணி அடிக்கலைன்னு சொல்ல முடியாது."

"ஏன்?"

"ஆயிரம் பாக்கெட், அதாவது தகவல் துண்டு, போனா அதுல ஒண்ணைத்தான் எடுத்துப் பார்க்கும். நான்தான் அப்படி வச்சிருக்கேன். எல்லாத்தையும் பார்க்கச் சொன்னா மெஷின் படுத்துடும். ஸ்கேன் படம்னா லட்சக்கணக்குல போகும், கட்டாயம் மாட்டும். பட்டனை அமுக்கினா ஒண்ணோ ரெண்டோதான். எங்கே கண்ணுல படப்போகுது?"

அவள் வியர்த்த புறங்கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் அதே ரூம்ல ஒரு அம்மா இருந்தாங்க. தலகாணி சரிஞ்சாக்கூட அமுக்குவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஓடியிருப்பேன். அது இருக்கா?"

அவன் விரலால் பக்கங்களைத் தள்ளினான். "பூஜ்யம். அதைத்தானே சொல்றேன்? மாசம் பூரா அமுக்கியிருந்தாலும் அந்த லைன்ல ஒண்ணுமே போகாத மாதிரிதான் காட்டும். இப்பவாவது புரியுதா?"

அவள் மேஜைக்கு வந்து, கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்போ அந்தப் பதினெட்டு லைன் சும்மா கிடக்குன்னு எதைப் பார்த்து முடிவு பண்ணீங்க?"