மூன்றாவது விசில்

எஸ்தர் டீச்சர் துகள்களைப் புத்தகத்தில் காட்டுவதில்லை. ஏழாம் வகுப்பையே மைதானத்தில் இறக்கிவிடுவார். ஒரு விசில் ஊதினால் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள், திண்மம். இரண்டு ஊதினால் உரசிக்கொண்டே நழுவுவார்கள், திரவம். மூன்று ஊதினால் கிடைத்த இடமெல்லாம் பரவிவிட வேண்டும். அது வாயு. அதற்கு முன் கேட்டைச் சாத்திவிடுவது வழக்கம். அன்று மறந்துபோனார். மூன்றாவது விசிலில் வகுப்பே கேட்டைத் தாண்டி, வற்றிக் கிடந்த ஏரிக்குள் சிதறியது.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது, புள்ளைங்கள இப்படி அவுத்து விட்டுட்டீங்க? கூப்பிடுங்க, சீக்கிரம் ஊதுங்க!"

விசிலை வாயில் வைத்த எஸ்தரின் கண் வராந்தாத் தூணில் போய் நின்றது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நசீமா அந்தத் தூணை விட்டு நகர்ந்ததில்லை. எந்த விசிலுக்கும் அசைந்ததில்லை. இப்போது தூணடியில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது.

ஏரியின் நடுவில், எல்லோருக்கும் முன்னால், ஒரு சின்ன உருவம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடியது.

"ஊதுங்க டீச்சர்!"

எஸ்தர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார். இன்னும் இடம் இருக்கு."