முப்பத்தாறைத் தாண்டாத கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அவர் தொழில். மனைவி இறந்த மறுமாதம் வேலை மலையாகக் குவிந்துகிடந்தது. கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டலாமென்று செட்டிங்ஸுக்குள் போய், புராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையர் எண்ணை முப்பத்தாறிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏற்றினார். அணைத்துப் போட்டதும் மறுபடி முப்பத்தாறில் நின்றது. எத்தனை முறை ஏற்றினாலும் அதே கதைதான்.

“கம்பெனியிலயே லாக் பண்ணதா இருக்கும் மச்சான். எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்” என்றான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனன், அவளுடைய தம்பி.

கடையில் நாற்பத்தைந்து அப்படியே நின்றது. “லாக்கே கிடையாது. நல்லாத்தானே ஓடுது?”

வேகம் கூடியதில் கம்ப்யூட்டருக்குள் ஃபேன் இரைந்தது. நோயில் கிடந்த நாட்களில் அவள், “அதைக் கொஞ்சம் மெதுவா ஓடவிடுங்களேன், தலை வலிக்குது” என்பாள். அவரும் வேலையை நிறுத்திவிட்டு அவள் கட்டிலில் போய் உட்காருவார்.

வீட்டுக்கு வந்து பழையபடி படுக்கையறை மேசையில் வைத்தார். முப்பத்தாறு. ஹாலுக்கு மாற்றினார். நாற்பத்தைந்து. திரும்பவும் கட்டிலருகே கொண்டுவந்தார். முப்பத்தாறு.

மைத்துனனுக்குப் போன் செய்து சொன்னார்.

“அப்ப ஹால்லயே வெச்சுக்குங்க மச்சான். வேலை ஆகணுமே” என்றான், குரல் கம்ம.

“சரிப்பா” என்றார்.

ஆனால் மேசையை இன்னும் கட்டிலோரமாக இழுத்துப் போட்டார். வீடியோ தாமதமாகும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டு, இரைச்சலில்லாத அந்த அறையில் வேலைக்கு உட்கார்ந்தார்.