வெண்மலைக்குப் பத்துக்கு ஒன்பது

"அந்தப் பொண்ணு பொழைச்சிக்கிச்சின்னு எப்புடிண்ணே சொன்னீங்க?"

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டான் ஜூடு. பாலக்கரையில் செல்போன் கடை வைத்திருப்பவன், வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான் என்றால் விஷயம் பெரியது.

சேரன் அப்போதுதான் செராமிக் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டு முடித்து வந்து, தலையில் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தான். மின்கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஜப்பான்காரன் வீடியோ கேம்தான். அதிலும் கதை, பயணம், சண்டை என்று அறுபது எழுபது மணி நேரம் இழுக்கிற கேம்தான் வேண்டும். ஆடி முடித்ததும் யூடியூபில் தமிழில் விமர்சனம் சொல்வான். வெட்டி ஒட்டி வெளியிடுவது ஜூடு. ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாவற்றுக்கும் இவர்களே தமிழில் ஒரு பேர் வைத்துவிடுவார்கள்.

சேரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். போன மாதம் 'இரும்பு நரி' என்ற கேமுக்குப் பத்துக்கு நாலு கொடுத்தான். மூன்று மணி நேரம் குகைக்குள் அலையவிட்டு, கடைசியில் பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு காளான் இருக்கிறது, இதற்கு நான் சும்மாவே படுத்துத் தூங்கியிருப்பேன் என்று கிழித்தான். அடுத்தது 'கடல் கோட்டை'. சண்டை அருமை, இசை அருமை, ஆனால் விடிந்தால் உலகம் அழியப்போகிறது, கதாநாயகன் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஆறோடு நிறுத்திக்கொண்டான். யாருக்காகவும் மார்க்கைக் கூட்டமாட்டான், உள்ளதை உள்ளபடி சொல்வான் என்றுதான் இருபதாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

அந்த இருபதாயிரம் பேரும் இப்போது காறித் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

'வெண்மலை' என்ற புது கேமில், நெஞ்சில் நோயுள்ள ஒரு சிறுமியை நாலு பேர் மலைமேல் இருக்கும் வைத்தியரிடம் கூட்டிப்போகிறார்கள். அவள் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறாள், அந்த இடத்தில் அழுதுவிட்டேன், பத்துக்கு ஒன்பது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தான் சேரன்.

"ஒருத்தரு முழுசா ஆடி வீடியோ போட்டிருக்காருண்ணே. வைத்தியரு நெஞ்சுல கைய வெக்கிறாரு. அந்தப் பொண்ணு கண்ண மூடுது. அவ்ளோதான். எப்புடி ஆடினாலும் காப்பாத்த முடியாதாம். நீங்க ஆடவே இல்லன்னு எழுதுறாங்க."

சேரன் துண்டை உதறினான். "ஆடினேன். அறுபத்திரெண்டு மணி நேரம்."

"அப்ப அந்தப் பொண்ணு செத்தது?"

"பார்த்தேன்."

ஜூடுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் தெரியாமல் தப்பாகச் சொல்லியிருப்பார் என்றுதான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். தெரிந்தே பொய் சொல்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட வேண்டும், இல்லையென்றால் இனிமேல் தன் பேரைச் சேர்க்க வேண்டாம் என்று படபடத்தான்.

சேரன் அவன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தான். ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"காவியாவுக்கு நெஞ்சுல ஓட்டை இருக்குது, ஜூடு. வியாழக்கிழமை புதுச்சேரியில ஆபரேஷன்."

சேரனின் மகள் காவியாவுக்குப் பதினொரு வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதை ஜூடுவும் பார்த்திருக்கிறான். சளித் தொந்தரவு என்று சொல்லியிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று சேரனின் மனைவி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

"மொத நாளே கேம்ல அந்தச் சின்னப் பொண்ணுக்கு ஒரு பேரு வெக்கச் சொல்லிக் கேட்டுது. வெளையாட்டா இவ பேரையே போட்டுத் தொலைச்சேன். கூடவே ஒக்காந்து பார்த்தா. முடிவு எனக்கு லேசாத் தெரிஞ்சதும், நான் ஷிப்டுக்குப் போனா தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு, அவ தூங்கறப்ப தனியா ஆடி முடிச்சேன். காலையில எழுந்ததும் கேக்கறா, நான் என்னாப்பா ஆனேன்னு."

சேரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாயால சொன்னா நம்ப மாட்டா. விமர்சனத்துல அப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு அவளுக்குத் தெரியும். அதான் அதுல சொன்னேன்."

ஜூடு ஹெல்மெட்டைக் கழற்றினான். தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. இருபதாயிரம் பேர் துப்பினால் துப்பட்டும், வீடியோ அப்படியே இருக்கட்டும், யாராவது கேட்டால் ஒட்டியதில் நான்தான் குளறுபடி செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றான். சேரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

ஜூடு வண்டிச் சாவியை எடுக்கும்போது காவியா வாசலுக்கு வந்தாள். அந்த வீடியோவை எடுத்துவிடப் போகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கும்மா எடுக்கணும்? அந்தப் பொண்ணுதான் பொழைச்சிக்கிச்சே" என்று சிரிக்க முயன்றான் ஜூடு.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா ஷிப்டுக்குப் போனப்ப நானே ஆடிட்டேன் சித்தப்பா. அந்தக் கடைசிக் கட்டத்த மட்டும் மூணு தடவ ஆடினேன், மூணு தடவையும் செத்துட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, அவரு சொன்னத நான் நம்பிட்டேன்னு நெனச்ச பொறகுதான் ஒழுங்கா சோறு துன்றாரு."